கிணற்றை மூடலாமா? கொடிமலை அடிவாரத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: ஐயா, பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம், கொடிமலை அடிவாரத்தில் எங்கள் வீடு. மாமனார் காலத்து உறைகிணறு ஒன்று பின்கட்டில் இருக்கிறது. ஒரு மீட்டர் அகலம், ஏழு மீட்டர் ஆழம். 2024 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய நான்கு நாள் குழாயில் தண்ணீர் நின்றபோது எங்கள் தெருவே அதில்தான் இறைத்துச் சமாளித்தது. இரவில் முழங்கால் அளவுக்கு இறங்கிவிடும். விடிந்து பார்த்தால் இடுப்பளவு ஏறியிருக்கும். இப்போது என் மகன், அந்த இடத்தில் கார் நிறுத்தக் கொட்டகை போட வேண்டும், கிணற்றைக் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடிவிடலாம் என்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால் முன்வாசலில் 100 மீட்டருக்கு ஆழ்துளைக் கிணறு போடலாமாம். "கீழே ஆறு ஓடுகிறது, வற்றவே வற்றாது" என்று சொல்லித் துளை போடுபவர் 20,000 வெள்ளி கேட்கிறார். உண்மையில் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மாசி வந்தால் ஏன் இறங்குகிறது? கெப்பாலா பத்தாஸில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஏன் துருவேறி, உப்புக் கரிக்கிறது? எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

கிணற்றை மூடாதீர்கள். ஆழ்துளைக் கிணறும் இப்போதைக்கு வேண்டாம். குடிப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில், முடிந்தால் இன்று மாலையே ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போங்கள்.

தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உறையும் உறையும் சேரும் இடத்தில் வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். அந்த இடுக்கில் நெற்றி வியர்ப்பதுபோல நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். கொஞ்சம் பொறுத்தால் ஒரு முத்து பருத்து, உறையைத் தடவிக்கொண்டு கீழே வழியும். வழிந்த தடத்தில் பொடிப்பொடியாக வெள்ளை மணல் ஒட்டியிருக்கும். உங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் வரும் விதம் இதுதான். பக்கவாட்டில் இப்படிக் கசியும், அடியில் மணல் வழியே ஊறும். ஆறு எதுவும் அங்கே ஓடவில்லை. சுண்ணாம்புப் பாறை உள்ள ஊர்களில் பாறை கரைந்து குகையாகி, அதற்குள் தண்ணீர் ஓடுவது உண்டு. பினாங்குத் தீவு கருங்கல்லால் ஆனது. கருங்கல் அப்படிக் கரைந்து குகையாவதில்லை.

அப்படியானால் தண்ணீர் எங்கே தங்குகிறது? ஒரு லிட்டர் கண்ணாடிச் சாடியில் உலர்ந்த மணலை விளிம்புவரை நிரப்புங்கள். சாடி நிறைந்துவிட்டதாகத்தான் தோன்றும். இப்போது மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் உள்ளே போய்விடும். மணல் மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் தொட்டி. நிலத்தடியில் இப்படித் தண்ணீரைத் தாங்கி நின்று, கேட்டால் விட்டுக்கொடுக்கவும் செய்கிற அடுக்கைத்தான் நிலத்தடி நீரை ஆய்கிற நாங்கள் நீர்கொள் படுகை என்கிறோம். இடைவெளிகள் எல்லாம் நிறைந்து நிற்கும் மட்டத்துக்கு நிலத்தடி நீர்மட்டம் என்று பெயர். அந்த மட்டத்துக்குக் கீழே நீங்கள் ஒரு துளை போட்டால், சுற்றியுள்ள தண்ணீர் அதற்குள் வந்து தன் மட்டத்தைக் காட்டும். கிணறு அதைப் பார்ப்பதற்கான ஜன்னல். தொட்டியோ உங்கள் வீட்டையும் அடுத்த வீட்டையும் தாண்டி மலைச்சரிவுவரை போகிறது.

இந்த விளக்கத்தில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. தாங்குவது வேறு, கொடுப்பது வேறு. அதே சாடியின் அடியில் ஓட்டை போட்டுப் பாருங்கள். உள்ளே போன தண்ணீர் முழுவதும் வெளியே வராது. ஒரு பகுதி மணலைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். ஒரு கன மீட்டர் மணலில் ஏறக்குறைய 300 லிட்டர் தங்கும், அதில் 200 லிட்டர் அளவுக்கு வடிந்து கிடைக்கும். களிமண்ணை எடுத்துக்கொண்டால், ஒரு கன மீட்டரில் 500 லிட்டர்கூடத் தங்கும். ஆனால் அதன் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் 30 லிட்டர் வடிந்தாலே பெரிது. கஞ்சனின் பெட்டி நிறைந்து கிடப்பதால் அண்டை வீட்டுக்காரருக்கு என்ன பயன்? உடையாத கருங்கல்லிலோ தங்குவதே பத்து லிட்டருக்கும் குறைவு.

உங்கள் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? கொடிமலையின் கருங்கல் ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் குழம்பாக இருந்து இறுகியது. மேலே வந்த பிறகு, நம் ஊர் வெயிலும் மழையும் அதன் மேற்பகுதியை அரித்து மண்ணாக்கியிருக்கின்றன. மலைச்சாலைகளில் சரிவை வெட்டிய இடங்களில் பார்த்திருப்பீர்கள்: செம்மண், அதற்குக் கீழே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சொரசொரப்பான மண், அதற்குள் அங்கங்கே யானை படுத்திருப்பதுபோல உருண்டைப் பாறைகள். அந்தச் சொரசொரப்பான மண்ணைக் கையில் எடுத்துக் கசக்கினால் பளிங்கு மணல் விரலை உறுத்தும். மாவுபோன்ற களிமண் உள்ளங்கையில் ஒட்டும். கல்லாக இருந்தபோது எப்படி அடுக்கியிருந்ததோ அதே அடுக்கு அந்த மண்ணில் இன்னும் தெரியும். இந்தச் சிதைவு மண்தான் உங்கள் கிணற்றின் சேமிப்பு. ஏழு மீட்டர் தோண்டிய உங்கள் மாமனார் இதற்குள்தான் தோண்டியிருக்கிறார். இதற்குக் கீழே உடையாத கல் வரும். அதில் விரிசல் இருந்தால் மட்டும் தண்ணீர் நகரும்.

இப்போது மாசி மாதத்துக்கு வருவோம். பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய பாதி ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் கொட்டிவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வானம் கையை மூடிக்கொள்ளும். ஆனாலும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறோமே, அப்போது அந்த மலையில் அருவி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? இரண்டு வாரம் மழையே இல்லாதபோதும் ஓடுகிற அந்தத் தண்ணீர் யாருடையது? அக்டோபரில் மலை குடித்து வைத்த மழை. சிதைவு மண்ணுக்குள் இறங்கியது, விரிசல் வழியே மெல்ல நகர்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் வெளியே வருகிறது. இந்த மலைக்குத் தண்ணீர்மலை என்று பெயர் வைத்த நம் முன்னோர், பாறைக்குள் நீர் தங்கும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்க மாட்டார்கள். அருவியைக் கண்ணால் பார்த்து வைத்த பெயர் அது. என் வேலையில் நான் மிகவும் நேசிக்கும் ஊர்ப்பெயர் இதுதான்.

உங்கள் கிணற்றிலும் நடப்பது இதுவேதான். மழைக்காலத்தில் வரவு அதிகம், மட்டம் ஏறுகிறது. தை, மாசியில் வரவு நின்று செலவு மட்டும் தொடர்கிறது. நீங்கள் இறைப்பது ஒரு செலவு. மரங்கள் குடிப்பது ஒரு செலவு. தாழ்ந்த ஓடைகளுக்குத் தானாகவே கசிந்து போவதுதான் பெரிய செலவு. ஆகவே மாசியில் மட்டம் இறங்குவதில் கவலைப்பட எதுவும் இல்லை. அடுத்த ஐப்பசியில் பழைய மட்டத்துக்கு ஏறுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஆண்டுக்கு ஆண்டு அந்த உச்சம் தாழ்ந்துகொண்டே வந்தால் கவலைப்படலாம்.

அந்த நான்கு நாளில் நீங்கள் கவனித்துச் சொன்ன விவரம் எனக்கு ஒரு ஆய்வறிக்கைக்குச் சமம். ஒரு மீட்டர் அகலக் கிணற்றில் ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் என்றால் 785 லிட்டர். முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறக்குறைய அரை மீட்டர், அதாவது 390 லிட்டர். இரவு ஒன்பது மணிநேரத்தில் அது ஊறியிருக்கிறது என்றால் மணிக்கு 43 லிட்டர், நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டர். ஒரு வீட்டுக்கு இது தாராளம். தெருவுக்கு, குடம் கணக்கில் பங்கிட்டால் போதும். மோட்டார் வைத்து வாரி இறைத்தால் போதாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அகப்பையைப் பெரிதாக்குவதால் சட்டி நிறையாது.

ஊறும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பிரான்சில் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி டார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் தண்ணீரை விட்டு அளந்து, 1856இல் அதை வெளியிட்டார். இரு பக்கத்து நீர்மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் கூடக்கூட ஓட்டம் கூடும். நடுவிலுள்ள மண் நுண்ணியதாக ஆக ஆக ஓட்டம் குறையும். இன்றுவரை எங்கள் தொழில் அந்த விதியின் மேல்தான் நிற்கிறது. நிலத்தடியில் தண்ணீர் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒரு மீட்டர் என்ற அளவில்தான் பெரும்பாலும் நகர்கிறது. நாளுக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வீட்டுக்கு மேலே 100 மீட்டர் தள்ளிச் சரிவில் இறங்கிய மழைத்துளி கிணற்றை வந்தடைய 1,000 நாள், ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். மழை பெய்த சில நாளிலேயே மட்டம் ஏறுகிறதே என்று கேட்பீர்கள். வரிசையின் கடைசியில் ஒருவர் வந்து நெருக்கினால் முன்னால் நிற்பவர் உடனே நகர்கிறார் அல்லவா? அதுபோல, புதிய மழையின் அழுத்தம் முதலில் வந்துசேர்கிறது, அந்தத் தண்ணீர் பின்னால் வருகிறது.

ஆகவே உங்கள் கிணற்றின் தாய்வீடு மேலே இருக்கும் அந்தச் சரிவுதான். அங்கே மரம் நின்றால், மண் திறந்திருந்தால் மழை இறங்கும். சிமெண்ட் போட்டு மூடினால் அதே மழை கால்வாயில் ஓடி, அரை நாளில் கடலுக்குப் போய்விடும். 27 ஆண்டுகளாகக் கிணறுகளை அளந்து வருகிறேன். கிணற்றுக்காரர் ஒரு தவறும் செய்யாமலே கிணறு மெலிந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மேட்டில் நிலத்தை மூடுகிறவருக்குப் பள்ளத்திலுள்ள கிணறு கண்ணில் படுவதே இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இனி அந்த 100 மீட்டர் துளை. கருங்கல்லில் ஆழம் போகப்போக விரிசல்கள் குறைந்து, மேலுள்ள பாறையின் பாரத்தில் இறுகியும் விடுகின்றன. துளை நல்ல விரிசலில் பட்டால் தண்ணீர் வரும். பத்து மீட்டர் தள்ளிப் போட்டால் வெறும் கல்தூள் வரும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர்ப் பக்கம் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அதுவும் கடினப் பாறை நாடு. 1,000 அடிக்குப் போயும் புழுதி கிளம்பிய கதை அங்கே ஊருக்கு ஊர் உண்டு. இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் பாறையில் விரிசல் கிடைத்தாலும், அந்த விரிசலுக்குத் தண்ணீர் ஊட்டுவது மேலே இருக்கும் அதே சிதைவு மண்தான். துளையில் பலமாக இறைத்தால் சுற்றிலும் நீர்மட்டம் புனல்போலக் குழிந்து இறங்கும். பின்கட்டுக் கிணறு முதலில் வற்றும், அடுத்த வீட்டுக் கிணறு அதற்குப் பிறகு. உங்களிடம் இருக்கும் தண்ணீரை உங்களுக்கே 20,000 வெள்ளிக்கு விற்பதாகத்தான் இது முடியும். "வற்றவே வற்றாது" என்று ஒருவர் சொன்னால், எத்தனை மணிநேரம் இறைத்துச் சோதித்துக் காட்டுவார், வரவில்லை என்றால் பணம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேளுங்கள். எந்தத் துளையானாலும் கனிம, புவி அறிவியல் துறையிடம் விசாரிக்காமல் தொடங்காதீர்கள்.

நிலத்தடி நீரால் ஒரு நகரமே வாழ முடியாதா என்றால், முடியும். கோத்தா பாருவில் அதுதான் நடக்கிறது. கிளந்தான் ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து பரப்பிய மணல் அங்கே தடிப்பாக இருக்கிறது. கிளந்தான் மக்கள் குடிக்கும் தண்ணீரில் கணிசமான பங்கு அந்த மணலிலிருந்து வருகிறது. பினாங்குத் தீவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம் குழாய்த் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. ஆற்றிலோ குழாயிலோ தடை வந்தால், அடிவாரத்துப் பழைய கிணறுகள்தான் நமக்கு மிச்சம். அதனால்தான் மூடாதீர்கள் என்கிறேன்.

நாத்தனார் வீட்டு விஷயம் வேறு. பினாங்கின் பெருநிலப் பக்கமான செபராங் பிறையின் சமவெளி, கடலும் ஆறும் சேர்ந்து படியவைத்த களிமண்ணும் மணலும் மாறி மாறி வரும் நிலம். கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் குவார் கெப்பா என்று ஓர் இடம் இருக்கிறது. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊரில், ஆதிமனிதர் தின்று குவித்த சிப்பி மேடுகள் இருந்தன. 2017இல் அங்கே 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு பெண்ணின் எலும்புக்கூடும் கிடைத்தது. அந்தக் காலத்தில் கடல் மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்து, கரை அதுவரை வந்திருந்தது. கடல் பின்வாங்கியபோது களிமண்ணுக்குள் அகப்பட்ட உப்புநீர் பல இடங்களில் இன்னும் முழுதாக வெளியேறவில்லை. நாத்தனார் வீட்டுக் கிணறு கரிப்பதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

துருவுக்குக் காரணம் இரும்பு. காற்றுப் படாத ஆழத்தில் இரும்பு தண்ணீரில் கரைந்து, நிறமே இல்லாமல் இருக்கும். இறைத்தவுடன் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் வாளி, ஒரு மணிநேரத்தில் மஞ்சளிக்கும், காலையில் அடியில் செம்பழுப்பு மண்டி நிற்கும். காற்றுப் பட்டதால் இரும்பு துருவாகிப் படிகிறது, அவ்வளவுதான். அவரிடம் சொல்லுங்கள்: இறைத்த தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றி, நன்றாகக் காற்றுப்பட வைத்து, ஓர் இரவு தெளியவிட்டு, மணல் வடிகட்டியில் விட்டால் துரு பெருமளவு போய்விடும். உப்பு அப்படிப் போகாது. அந்தத் தண்ணீரைக் கழுவ, துடைக்க வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா? சோதிக்காமல் குடிக்காதீர்கள். மண் நல்ல வடிகட்டிதான், ஆனால் ஏழு மீட்டர் கிணற்றுக்கும் பக்கத்து மலக்குழிக்கும் நடுவில் போதுமான மண் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு மலக்குழி மட்டுமல்ல, மேட்டுப் பக்கத்து வீட்டினுடையது எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். 30 மீட்டருக்குள் இருந்தால், அதிலும் கிணற்றுக்கு மேட்டில் இருந்தால், எனக்குச் சந்தேகம் வரும். ஆய்வகத்தில் கொடுக்கும்போது மலக்கிருமி, நைட்ரேட், இரும்பு மூன்றையும் கேட்டுப் பாருங்கள். குடிநீரில் இரும்புக்கு மலேசிய வரம்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, நீர் சுண்டச்சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலக்கவே கூடாது. துணி துவைக்க, செடிக்கு ஊற்ற, கழிப்பறைக்கு — தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

உங்கள் மகன் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இடிபாட்டைக் கிணற்றில் கொட்டக் கூடாது. பெயின்ட், எண்ணெய், சிமெண்ட் எல்லாம் நேராக நீர்மட்டத்துக்குப் போகும். நாளுக்குச் சில சென்டிமீட்டர் நகரும் தண்ணீரில் விழுந்த அழுக்கு, கீழே இருக்கும் வீடுகளின் கிணறுகளுக்கு ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும்.

கொட்டகையும் வேண்டும், கிணறும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. கிணற்றின் வாயைத் தரையிலிருந்து இரண்டு அடி உயர்த்திக் கட்டி, கார் அதன் மேல் ஏறாதபடி கொட்டகையை நகர்த்தி அமையுங்கள். பூட்டுப் போடக்கூடிய இரும்பு மூடியும், அதற்கு அடியில் கொசு நுழையாத வலையும் வேண்டும். டெங்கிக் கொசுவுக்குக் கிணறு நல்ல வீடு. பேரப்பிள்ளைகள் இருந்தால் மூடியை நாளைக்கே போடுங்கள். கொட்டகையின் தரைக்குச் சிமெண்டைத் தவிர்த்து, நடுவில் இடைவெளி விட்ட கற்களைப் பதியுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் லிட்டர் மழை விழுகிறது. அதில் ஒரு பங்கையாவது, கிணற்றிலிருந்து சில மீட்டர் தள்ளி, சரளையும் மணலும் நிரப்பிய குழிக்கு விடலாம். நேராகக் கிணற்றுக்குள் விடாதீர்கள். கூரையில் பறவை எச்சம் இருக்கும். உங்கள் வீடு சரிவின் விளிம்பில் இருந்தால் மட்டும் குழி வேண்டாம். ஊறிய சரிவு சரியக்கூடும். அதை ஒரு பொறியாளர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு கயிற்றில் பெரிய இரும்புத் திருகாணியைக் கட்டி, கிணற்றின் வாயிலிருந்து தண்ணீர் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று வாரம் ஒருமுறை, இறைப்பதற்கு முன் காலையில் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்றைய தேதியும், அந்த வாரம் மழை பெய்ததா என்பதும் போதும். மகனையே அளக்கச் சொன்னாலும் நல்லது. வரும் மார்ச் கடைசிவரை எழுதி எனக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் தெருவுக்கு நாளொன்றுக்கு எத்தனை குடம் தாங்கும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.